பட்டினத்தார் பாடல்களின் ஆசிரியர் சிக்கல்

பட்டினத்தார் பாடல்களின் ஆசிரியர் சிக்கல் என்பது, பட்டினத்தார், பட்டினத்தடிகள், பட்டினத்துப் பிள்ளையார், திருவெண்காடர் ஆகிய பெயர்களில் வழங்கும் தமிழ்ப் பாடல்கள் அனைத்தையும் ஒருவரே பாடினாரா, அல்லது வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த ஒன்றுக்கு மேற்பட்டோர் பாடினரா என்பது பற்றிய இலக்கிய வரலாற்று விவாதம் ஆகும். சைவத் திருமுறைகளுள் பதினொராந் திருமுறையில் இடம்பெற்ற ஐந்து நூல்களும், மக்களிடையே பெரிதும் வழங்கும் துறவுப் பாடல்களும் ஒரே பெயரில் அமைந்திருப்பதே இச்சிக்கலுக்குக் காரணம். முன்னவை கி.பி. 10ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்றும், பின்னவை 14ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிற்பட்டவை என்றும் இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் பலர் கொள்கின்றனர். பட்டினத்தாரின் சமாதி சென்னையின் வடபகுதியில் உள்ள திருவொற்றியூரில் அமைந்துள்ளது. அங்கு அடக்கமானவர் எந்தப் பட்டினத்தார் என்பதும் இவ்விவாதத்தின் ஒரு பகுதியாகும்.

மரபு வரலாறு

மரபுவழிக் கதையின்படி பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் திருவெண்காடர். கடல் வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய இவருக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. திருவிடைமருதூரில் கிடைத்த குழந்தையை மருதவாணர் எனப் பெயரிட்டு வளர்த்தார். வளர்ந்த மருதவாணர் வாணிகத்துக்குச் சென்று திரும்பியபின், ஒரு பேழையை வைத்துவிட்டு மறைந்தார். அதில் காது முறிந்த ஊசி ஒன்றும், இறுதிப் பயணத்தில் அந்த ஊசிகூட உடன் வாராது என்னும் கருத்தமைந்த ஓலை நறுக்கும் இருந்தன. அதனைக் கண்ட திருவெண்காடர் அனைத்தையும் துறந்தார்.

இவருடைய கணக்கராக இருந்தவர் சேந்தனார் என்றும், உச்சயினி அரசராக இருந்து துறவு பூண்ட பத்திரகிரியார் இவருடைய சீடர் என்றும் கதை கூறுகிறது. தாய் இறந்தபோது பச்சை வாழை மட்டைகளை அடுக்கிப் பாடலாலேயே தீ மூட்டினார் என்பதும், பேய்க்கரும்பு இனித்த இடமாகிய திருவொற்றியூரில் சிறுவர்களுடன் கடற்கரை மணலில் விளையாடியவாறே மறைந்து இலிங்க வடிவானார் என்பதும் பரவலாக வழங்கும் நிகழ்ச்சிகள். 1962ஆம் ஆண்டு டி. எம். சௌந்தரராஜன் நடிப்பில் வெளிவந்த பட்டினத்தார் திரைப்படம் இக்கதையை மேலும் பரப்பியது.

பதினொராந் திருமுறை நூல்கள்

பதினொராந் திருமுறை பன்னிருவர் இயற்றிய நாற்பது நூல்களைக் கொண்டது. இதனைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி என்பது மரபு. இதில் பட்டினத்துப் பிள்ளையார் பெயரில் பின்வரும் ஐந்து நூல்கள் உள்ளன.

* கோயில் நான்மணிமாலை – தில்லை பற்றியது, 40 பாடல்கள்
* திருக்கழுமல மும்மணிக்கோவை – சீர்காழி பற்றியது, 30 பாடல்கள்
* திருவிடைமருதூர் மும்மணிக்கோவை – 30 பாடல்கள்
* திருவேகம்பமுடையார் திருவந்தாதி – காஞ்சிபுரம் பற்றியது, 100 பாடல்கள்
* திருவொற்றியூர் ஒருபா ஒருபது – 10 பாடல்கள்

இவற்றுள்ளும் ஒரு சிக்கல் உண்டு. திருக்கழுமல மும்மணிக்கோவையின் முதல் 12 பாடல்களே பழையவை என்றும், எஞ்சிய 18 பாடல்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்றும் கருதுவோர் உளர். பட்டினத்துப் பிள்ளையாரின் திருமுறைப் பாடல்கள் 192 எனச் சில இடங்களில் எண்ணப்படுவது இதனாலேயே ஆகும்.

திருப்பாடற்றிரட்டு

மக்கள் வழக்கில் பட்டினத்தார் பாடல் எனப்படுவது பெரும்பாலும் திருப்பாடற்றிரட்டு என்னும் தொகுப்பில் உள்ளவையே. கோயிற்றிருவகவல், கச்சித் திருவகவல், திருவேகம்பமாலை, தாயாருக்குத் தகனம் செய்கையில் பாடியவை, அருட்புலம்பல், நெஞ்சொடு புலம்பல், பூரணமாலை, உடற்கூற்று வண்ணம் முதலியன இதில் அடங்கும். செல்வமும் உடலும் நிலையாதவை என்பதும், மனத்தைக் கடிந்து பேசுவதும், பெண்ணின்பத்தை இகழ்வதும் இவற்றின் பொதுப் பொருள்கள். இப்பாடல்கள் சித்தர் பாடல் தொகுப்புகளிலும் சேர்க்கப்படுகின்றன. தாயின் ஈமச் சடங்கில் பாடியனவாகச் சொல்லப்படும் பாடல்கள் இன்றும் தமிழர் இறுதிச் சடங்குகளில் பாடப்படுகின்றன.

வேறு வேறு ஆசிரியர் என்போர் கூறும் சான்றுகள்

காலச் சான்று: திருவிடைமருதூர் மும்மணிக்கோவையில் தேவார மூவரும், மாணிக்கவாசகரும், வரகுணதேவரும் அடியார்களாகப் போற்றப்படுகின்றனர். இவ்வரகுணர் 9ஆம் நூற்றாண்டின் பாண்டிய மன்னராகக் கருதப்படுகிறார். எனவே நூலாசிரியர் வரகுணருக்குப் பிற்பட்டவர். நூல் பதினொராந் திருமுறையில் தொகுக்கப்பட்டமையால் அத்தொகுப்புக்கு முற்பட்டவர். இவ்விரு எல்லைகளும் 10ஆம் நூற்றாண்டை ஒட்டி அமைகின்றன. திருப்பாடற்றிரட்டுக்கு இவ்வாறு காலத்தை வரையறுக்கும் பழந்தொகுப்பு எதுவும் இல்லை.

யாப்பும் நடையும்: திருமுறை நூல்கள் அந்தாதி, மும்மணிக்கோவை, நான்மணிமாலை போன்ற சிற்றிலக்கிய வகைகளில் செறிந்த இலக்கிய நடையில் அமைந்தவை. திருப்பாடற்றிரட்டில் கண்ணிகளும், பேச்சு வழக்குக்கு நெருங்கிய எளிய விருத்தங்களும் மிகுதி. உடற்கூற்று வண்ணம் சந்த யாப்பில் அமைந்தது. இவ்வகை வண்ணப் பாடல்கள் 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் காலத்தில் பெருவழக்குப் பெற்றவை என்பது குறிப்பிடத்தக்கது.

பொருள் வேறுபாடு: திருவேகம்பமுடையார் திருவந்தாதியில் அகப்பொருள் துறைகள் பல பயின்று வருகின்றன. தலைவன், தலைவி, தோழி ஆகியோர் கூற்றாகக் காதலைப் பாடிய புலவரே, பெண்ணுடலை உறுப்பு உறுப்பாக இகழ்ந்தும் பாடினார் எனக் கொள்வது பொருந்தாது என்பர்.

பத்திரகிரியார்: கதையில் வரும் சேந்தனாரை, ஒன்பதாந் திருமுறையில் திருப்பல்லாண்டு பாடிய சேந்தனாராகவே மரபு கொள்கிறது. இது பழைய பட்டினத்தாரின் காலத்தோடு இயைவது. ஆனால் மெய்ஞ்ஞானப் புலம்பல் என்னும் நூலுக்கு உரியவராகச் சொல்லப்படும் பத்திரகிரியாரின் கதை, வட இந்தியாவில் நாத யோகிகளிடையே வழங்கும் உச்சயினி அரசர் பர்த்ருஹரியின் கதையை ஒத்திருக்கிறது. திருமுறை நூல்களில் பத்திரகிரியார் பற்றிய குறிப்பு இல்லை. 18ஆம் நூற்றாண்டினரான தாயுமானவர், பட்டினத்தாரையும் பத்திரகிரியாரையும் ஒருங்கே போற்றுகிறார். ஆகவே அக்காலத்துக்குள் இரு கதைகளும் இணைந்துவிட்டன என அறியலாம்.

இச்சான்றுகளைக் கொண்டு ஆய்வாளர் பலர் பட்டினத்தார் இருவர் எனக் கொள்கின்றனர். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் இவர்களுள் ஒருவர். மூவர் எனக் கொள்வோரும் உளர்.

ஒருவரே என்போர் கூறும் சான்றுகள்

சைவ மரபினர் பலர் ஒருவரே எனக் கருதுகின்றனர். இரு தொகுதிகளிலும் தில்லை, காஞ்சி, திருவிடைமருதூர், திருவொற்றியூர் ஆகிய தலங்களே முதன்மை பெறுவதை அவர்கள் சுட்டுகின்றனர். நிலையாமை திருப்பாடற்றிரட்டுக்கு மட்டும் உரியதன்று என்றும், திருமுறை நூல்களின் அகவல்களிலும் அது பேசப்படுகிறது என்றும் கூறுவர். ஒரே புலவர் கற்றோருக்கு ஒரு நடையிலும் பொதுமக்களுக்கு வேறொரு நடையிலும் பாடக்கூடும் என்பதும், அகத்துறைப் பாடல்கள் துறவுக்கு முன்னும் இகழ்ச்சிப் பாடல்கள் அதற்குப் பின்னும் பாடப்பட்டிருக்கலாம் என்பதும் இவர்கள் தரும் விளக்கங்கள். எளிய பாடல்கள் வாய்வழியாகப் பரவும்போது சொற்கள் காலந்தோறும் புதுப்பிக்கப்படும். எனவே மொழிநடையை மட்டும் கொண்டு காலத்தை முடிவு செய்ய இயலாது என்பது இவர்களின் வலுவான வாதமாகும்.

இவ்வாதம் சொற்களின் புதுமையை விளக்கக்கூடியது. எனினும் யாப்பு வகைகளின் வேறுபாட்டையும், கதையில் இரு காலத்தவர் கலந்திருப்பதையும் அது விளக்குவதில்லை. மேலும், தலங்களின் ஒற்றுமையை இரு வகையாகவும் கொள்ளலாம். பிற்காலப் பாடல்கள் முன்னவரின் பெயரோடு இணைவதற்கு அதே தலங்கள் பாடப்பட்டமையே வழிவகுத்திருக்கலாம்.

திருவொற்றியூர்ச் சமாதி

திருவொற்றியூர் பழமையான சைவத் தலம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும், கலிய நாயனார் வாழ்ந்ததும் இவ்வூரிலேயே. 10ஆம் நூற்றாண்டில் சதுரானன பண்டிதர் தலைமையில் இங்கு மடம் இருந்ததைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. நகராட்சியாக இருந்த திருவொற்றியூர் 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியின் நடுவே, கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் கோயில் உள்ளது. கருவறையில் இலிங்கம் உள்ளது. ஆடி மாத உத்திராட நாளில் குருபூசை நடைபெறுகிறது.

விவாதத்தில் இவ்வூருக்குத் தனி இடம் உண்டு. திருவொற்றியூர் ஒருபா ஒருபது பழைய பட்டினத்தார் இத்தலத்தைப் பாடியதற்குச் சான்று. ஆனால் பேய்க்கரும்பு, மணல் விளையாட்டு ஆகியவற்றோடு கூடிய சமாதிக் கதை, பத்திரகிரியாரைச் சீடராகக் கொண்ட பிற்காலத் துறவியின் வரலாற்றோடு இணைந்தது. இருவர் எனக் கொள்வோர் சமாதி பிற்காலத்தவருக்கு உரியது என்பர். எவ்வாறாயினும் கோயிலில் வழிபடுவோர் ஒரே பட்டினத்தாரையே வணங்குகின்றனர்.

சிக்கலின் முக்கியத்துவம்

இது வெறும் காலக் கணக்கு மட்டுமன்று. திருமுறைகள் கோயில்களில் ஓதப்படும் தகுதி உடையவை. சித்தர் பாடல்களுக்கு அத்தகுதி வழங்கப்படுவதில்லை. ஒருவரே எனக் கொண்டால் துறவுப் பாடல்களுக்குத் திருமுறை ஆசிரியரின் மதிப்பு சேர்கிறது. அதே வேளையில், பெண்களை இகழும் பாடல்களின் பழியும் திருமுறை ஆசிரியர் மீது ஏற்றப்படுகிறது. இருவர் எனக் கொண்டால், திருமுறைப் புலவர் அவருக்குரிய நூல்களைக் கொண்டே மதிப்பிடப்படுவார். தாயை எரியூட்டும் பாடல்களைப் பாடியவரோ, பெயர் முற்றிலும் மறைந்து முன்னவரின் பெயரிலேயே நினைக்கப்படும் பெருங்கவிஞர் ஆகிறார்.

ஒத்த சிக்கல்கள்

தமிழில் ஒரே பெயரில் பலர் வழங்கப்பெறுவது புதிதன்று. சங்ககால ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வேறானவர்கள் என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. சங்கப் புலவர் நக்கீரரும் பதினொராந் திருமுறையின் நக்கீரதேவ நாயனாரும் ஒருவராகவே மரபில் கருதப்பட்டனர். திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் பதினொராந் திருமுறையிலும் இடம்பெற்றிருப்பது இதனோடு தொடர்புடையது.

ஆங்கில நாடக ஆசிரியர் வில்லியம் சேக்சுபியர் பற்றிய விவாதம் உலக அளவில் அறியப்பட்டது. அவருடைய நாடகங்களைப் பிரான்சிசு பேக்கன் போன்றோர் எழுதினர் என்னும் கருத்தை டெலியா பேக்கன் 1857ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஆக்சுபோர்டு பிரபு எட்வர்டு டி வேர் எழுதினார் என 1920ஆம் ஆண்டு தாமசு லூனி வாதிட்டார். டி வேர் 1604ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அதற்குப் பிற்பட்டனவாகக் கருதப்படும் நாடகங்கள் பல உள்ளன. அறிஞர்களுள் மிகப் பெரும்பாலோர் இக்கருத்துகளை ஏற்பதில்லை. அங்கு, ஒருவருடைய நூல்களை வேறொருவருக்கு உரியனவாக்க முயல்கின்றனர். பட்டினத்தார் சிக்கலிலோ, பலருடைய பாடல்கள் ஒருவருக்கு உரியனவாக்கப்பட்டனவா என்பதே கேள்வி. சேக்சுபியருக்கு அவர் காலத்துப் பதிவேடுகளும் அச்சு நூல்களும் சான்றாக உள்ளன. பட்டினத்தாருக்கு நூல்களின் அகச்சான்றுகளே பெரும்பாலும் துணையாகின்றன.

தற்போதைய நிலை

இலக்கிய வரலாற்று நூல்களில் பட்டினத்துப் பிள்ளையார் 10ஆம் நூற்றாண்டிலும், பட்டினத்தடிகள் 14ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பின்னும் தனித்தனியே வைத்துப் பேசப்படுவது வழக்கமாகியுள்ளது. பொதுமக்களுக்கான பதிப்புகளில் இரு தொகுதிகளும் ஒரே வரலாற்றின் கீழ் சேர்த்தே அச்சிடப்படுகின்றன.