தெருவும் ஓமக்குளமும்

மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவன் நான். ஊருக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்ல எங்களிடம் ஒரு வாக்கியம் உண்டு. இங்கே எல்லா ஜாதியும் மதமும் கலந்து வாழ்கிறோம் என்பது அது. கோர்ட்டும் கலெக்டர் ஆபீசும் மாதாகோவிலும் பள்ளிவாசலும் நடை தூரத்தில் இருப்பதைச் சாட்சியாகக் காட்டுவோம். நானும் பல வருஷங்கள் இதை நம்பியிருந்தேன். இப்போது இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கலப்பு எப்படி வந்தது? 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம்வரை உள்ள நிலமும் கிரயத்தில் சேர்த்தி. அப்படி வளைக்கப்பட்டவை குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் போனபோது, 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமை இடம் இதுவே. துணிக்காக நெசவாளர்கள் வந்தார்கள்; துணியை விற்க வணிகர்கள் வந்தார்கள். பிறகு ஜில்லா நிர்வாகம் வந்தது, கூடவே குமாஸ்தாக்களும் வக்கீல்களும். முதுநகரில் கிளைவ் தெருவும் வெலிங்டன் தெருவும், திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோடும் இன்னும் இருக்கின்றன.

ஆக, பீரங்கியும் வியாபாரமும் உத்தியோகமும் சேர்த்துவைத்த கூட்டம் இது. யாரும் யாரையும் விரும்பி அழைத்து வரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். சேரி அப்போதும் தெருக்கணக்கில் சேரவில்லை.

1934இல் இதே மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் பள்ளிப்படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர். தெருவே அவருக்குப் பள்ளிக்கூடம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தெருவில் படிக்கத் தெருவுக்குள் நடக்க முடிந்திருக்க வேண்டும். நடக்கவே முடியாதவன் என்ன செய்வான்?

இந்தக் கேள்வியோடுதான் சிதம்பரத்தைப் பார்க்க வேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் சுமார் 45 கிலோமீட்டர். நான்கு தேர் வீதிகள். தீட்சிதர்களும் செட்டியார்களும், அடகுக்கடை மார்வாடிகளும், லால்கான் தெருப் பள்ளிவாசலுக்குப் போகிற முஸ்லிம்களும், 1929க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களும் நடமாடுகிற வீதிகள். மஞ்சக்குப்பத்தைவிடப் பழைய கலப்பு. இந்த ஊருக்கு வந்து நந்தன் என்ன செய்தான் என்று சேக்கிழார் சொல்வதை நாம் கவனமாகப் படிப்பதில்லை. அவன் உள்ளே போகவில்லை. ஊரெல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தான். தீயில் மூழ்கி வேறு உடம்போடு எழுந்த பின்தான் உள்ளே போக முடிந்தது. பெரிய புராணத்தில் இல்லாத பிராமணப் பண்ணையாரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்தார். அந்தக் கதாகாலட்சேபத்தைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. அழுதுவிட்டு எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனோம்.

நந்தன் தீயில் இறங்கியதாக ஐதீகம் சொல்லும் இடம் ஓமக்குளம். அங்கே 1916இல் ஒருவர் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பறையர் குடும்பத்தில் முனுசாமியாகப் பிறந்தவர். திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தவர்; மதம் மாறச் சம்மதிக்கவில்லை. கோலார் தங்கவயலில் சில காலம். பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடர். 1910இல் சிதம்பரம் வந்தார்.

வருஷத்தைக் கவனிக்க வேண்டும். பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று சென்னை சட்டசபை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்றது 1924இல். ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுமைக்கும் வந்தது 1947இல். தெரு திறக்கும், கோவில் திறக்கும், அப்புறம் படிக்கலாம் என்று சகஜானந்தர் காத்திருக்கவில்லை. எந்தத் தெருவும் இடம் கொடுக்காதபோது தீக்குழிக்குப் பக்கத்தில் கரும்பலகையை நிறுத்தினார். படிக்க வந்தவன் தங்க விடுதியும் வேண்டியிருந்தது, அதையும் செய்தார். நந்தன் பெயரையே வைத்தார். உடம்பை எரித்துக்கொண்டால்தான் உள்ளே வரலாம் என்ற ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை. 1927இல் சிதம்பரம் வந்த காந்தி நந்தனைச் சத்தியாக்கிரகியாகக் கண்டார். சகஜானந்தரோ நந்தனின் சந்ததியை மாணவனாகக் கண்டார். இரண்டாவது பார்வை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1959இல் இறக்கும்போது அவர் சிதம்பரத்தின் சட்டமன்ற உறுப்பினர்.

ஒரு ஆட்சேபம் எழலாம். ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று தனிப்பள்ளி என்பது ஒதுக்கலை ஒப்புக்கொள்வதாகாதா? நானும் யோசித்தேன். ஒதுக்கியது தெரு. அந்தப் பழியைப் பள்ளிமேல் சுமத்துவது நியாயமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவன்தான் மனுப் போட்டான், சட்டத்தைக் காட்டினான், வீதியில் நடந்தான். தெருவின் கலப்பு கொடுக்காத உரிமையை ஓமக்குளத்துக் கல்வி கேட்கவைத்தது.

நந்தனார் பெயரிலான ஆண்கள், பெண்கள் பள்ளிகள் இப்போது அரசுப் பள்ளிகள். நந்தன் கீர்த்தனைகள் எனக்குப் பத்து வயதிலேயே பாடம். அதே பெயரில் ஒரு பள்ளி இருப்பது தெரிந்தது நாற்பதுக்கு மேல்தான். சிதம்பரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். மார்கழித் தரிசனத்துக்கு, கல்யாணங்களுக்கு, சிநேகிதர்களைப் பார்க்க. ஓமக்குளத்துப் பக்கம் ஒருமுறையும் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. போகத் தோன்றவில்லை. கலந்து வாழ்கிறோம் என்ற வாக்கியத்தில் விட்டுப்போனது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.