முன்பருவக் குழந்தைக் கல்வியில் முதுகலைப் படிப்பு

கரு உருவானது முதல் எட்டு வயது வரையிலான குழந்தையின் வளர்ச்சி, ஊட்டம், விளையாட்டு, மொழி ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் உயர்கல்வித் துறை. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மனையியலின் கிளையான ‘மனித மேம்பாடு’ என்ற பெயரில் கற்பிக்கப்படுகிறது. கோவையில் 1957இல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம் நிறுவனம் இதில் குறிப்பிடத்தக்கது.

இதற்கு முன்பே, 1939இல் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு அடித்தளமிட்டது. அங்கன்வாடிகள் அதன் வழியே வந்தவை.

பாடத்தின் உயிர் கூர்நோக்கில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்குகிறது. ஒன்று உருண்டோடினால் எடுத்துவந்து மறுபடி முதலிலிருந்து வைக்கிறது. எண்ணல், விரல்களின் பிடி, பொறுமை மூன்றும் அந்த ஒரு விளையாட்டில் தெரிகின்றன. குறுக்கிடாமல் அதைப் பார்த்து எழுதப் பழகுவதே மாணவருக்குக் கடினமான பயிற்சி.

இராஜபாளையம் அருகிலுள்ள சோழபுரம் போன்ற ஊர்களில் இத்துறையின் நேரடிக் களம் அங்கன்வாடிதான். சத்துமாவும் எடைப் பதிவும் கதையும் பாட்டும் ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் ஒரே பணியாளரின் கையில் இருக்கின்றன. அவருடைய அனுபவ அறிவுக்கு முதுகலைப் பாடத்திட்டங்களில் இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் இத்துறை ஆராயும் பருவத்துக்குள் அடங்கும் 3 முதல் 8 வயது வரையிலான காலத்தை அடித்தள நிலையாக வகுத்துள்ளது.