கட்டட நீர்ச்சிக்கன விதிகள்

வீடு, கடை, அலுவலகக் கட்டடங்களில் நீர் செலவைக் குறைக்கச் சட்டமும் தரநிலையும் வகுத்த ஏற்பாடுகள். அமெரிக்கா 1992 எரிசக்திக் கொள்கைச் சட்டத்தின் வழியே கழிப்பறைத் தொட்டிக்கு ஒரு முறைக்குச் சுமார் 6 லிட்டர் என வரம்பிட்டது. தமிழ்நாட்டுச் சட்டமோ குழாயைவிடக் கூரையைத்தான் முதலில் பிடித்தது. 2003-இல் வந்த அவசரச் சட்டம், புதியதோ பழையதோ, எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அமைக்காத வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் இடம் தந்தது. சங்ககிரி போன்ற கடும்பாறை நிலத்தில் மழைநீர் சேகரிப்பின் அருமை தெரியும். அங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில்தான் தங்குகிறது. மாடித் தண்ணீர் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டியில் வடிந்து கிணற்றுக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ போக வேண்டும். வடிதொட்டியைத் தூர்வாராமல் விட்டால் சேறு அடைத்துப் பயனற்றுப் போகும்.

குழாய், ஃப்ளஷ் தொட்டி, ஷவர் ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021-இல் ஐ.எஸ். 17650 தரநிலையை வெளியிட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒருவரின் அன்றாடத் தேவையில் 45 லிட்டரைக் கழிப்பறைக்கே கணக்கிடுகிறது. அரைப் பொத்தானை அழுத்தினால் 3 லிட்டர், முழுப் பொத்தானுக்கு 6 லிட்டர் விடும் இரட்டை ஃப்ளஷ் தொட்டி இந்தச் செலவை வெகுவாகக் குறைக்கும். ஆனால் இத்தொகுப்பு பரிந்துரைதான். மாநில விதியில் சேர்த்தால்தான் கட்டுப்படுத்தும்.