ஃபிராங்க்ளின்: ஒரு பெயர், பல வழிகள்

ஃபிராங்க்ளின் என்றதும் பலருக்கு இடி மின்னலில் பட்டம் விட்ட பெஞ்சமின் ஃபிராங்க்ளின்தான் நினைவுக்கு வருவார். உயிரியல் படித்தவர்களுக்கு ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். பாட்டுக் கேட்பவர்களுக்கு அரீத்தா ஃபிராங்க்ளின். மூவரும் ஒரே குடும்பமோ என்று தோன்றும். ஆனால் இந்த மூவருக்கும் அந்தப் பெயர் வந்த வழி வேறு வேறு!

நம் ஊரில் பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக வரும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். அவற்றில் பல, தொழிலைச் சொல்பவை. ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையல்காரர். ஃபிராங்க்ளின் என்பது தொழில் அல்ல, அந்தஸ்து. மத்திய கால இங்கிலாந்தில் நிலப்பிரபுவுக்குக் கட்டுப்பட்டு, அவர் அனுமதியின்றி ஊரை விட்டுப் போகக்கூட முடியாத குடியானவர்கள் ஏராளம். பிரபு வம்சமாக இல்லாவிட்டாலும், சொந்த நிலத்தோடு யாருக்கும் கட்டுப்படாமல் வாழ்ந்தவரை ஃபிராங்க்ளின் என்றார்கள். சுருக்கமாகச் சொன்னால், 'சுதந்திரமானவன்'.

பெஞ்சமினின் அப்பா ஜோசையா, இங்கிலாந்தின் எக்டன் கிராமத்திலிருந்து அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனவர். மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து பிழைத்தார். 1706இல் பிறந்த பெஞ்சமின், அண்ணனின் அச்சகத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்க்கப்பட்டார். அடி, உதை தாங்காமல் 1723இல், 17 வயதில், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பிலடெல்பியாவுக்கு ஓடிவிட்டார். பின்னாளில் அவரே பத்திரிகை நடத்தினார். அதில் அடிமைகள் விற்பனைக்கு என்றும், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தரவேண்டும் என்றும் விளம்பரங்கள் வந்தன. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். ஓடிவந்தவரே ஓடியவர்களைத் தேடும் விளம்பரத்தில் காசு பார்த்தார்! ஆனால் வயதான காலத்தில் மனம் மாறினார். 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி அமெரிக்க காங்கிரசுக்கு மனு அனுப்பினார். மனு ஏற்கப்படவில்லை. அந்த ஏப்ரலில் அவர் இறந்தார்.

அடுத்தவர் கடற்படை அதிகாரி சர் ஜான் ஃபிராங்க்ளின். 1837 முதல் 1843 வரை இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு அவர் கவர்னர். பிரிட்டன் தன் கைதிகளைக் கப்பல் கப்பலாக நாடு கடத்திக் கொட்டிய தீவு அது. 'சுதந்திரமானவன்' என்ற பெயர்க்காரர் ஒரு கைதித் தீவை ஆண்டார்! 1845இல் வட துருவப் பகுதி வழியே கடல்வழி தேடி இரண்டு கப்பல்களில் புறப்பட்டார். கப்பல்கள் பனியில் சிக்கின. அவரும் உடன் சென்ற 128 பேரும் திரும்பவே இல்லை. அந்தக் கப்பல்கள் 2014இலும் 2016இலும்தான் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன.

ரோசலிண்டின் முன்னோர் ஆங்கிலேயரே அல்லர். 18ஆம் நூற்றாண்டில் ப்ரெஸ்லாவ் நகரிலிருந்து லண்டன் வந்த ஃபிராங்கல் என்ற யூதக் குடும்பம், பெயரை ஆங்கிலமாக்கி ஃபிராங்க்ளின் ஆனது. 1952இல் அவர் வழிகாட்டுதலில் எடுக்கப்பட்ட டி.என்.ஏ.வின் எக்ஸ்ரே படம், அவருக்குத் தெரியாமலே ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. டி.என்.ஏ.வின் வடிவம் 1953இல் வெளியானதில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. 1958இல் புற்றுநோயால் 37 வயதில் ரோசலிண்ட் மறைந்தார். 1962இல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது.

அரீத்தாவின் கதை இன்னொரு விதம். அவர் அப்பா சி.எல். ஃபிராங்க்ளின் புகழ்பெற்ற பாதிரியார். பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் வாக்கர். தாய் மறுமணம் செய்ததால், மாற்றாந்தந்தையின் பெயர் வந்தது. அந்தப் பெயரோடுதான் அரீத்தா 1967இல் 'ரெஸ்பெக்ட்' பாடி உலகப் புகழ் பெற்றார். மரியாதை கேட்கும் அந்தப் பாட்டு, கறுப்பின மக்களுக்கும் பெண்களுக்கும் போராட்டக் குரலாகவே ஆகிவிட்டது.

ஆனால் இந்தப் பெயரின் பொருள் முழுமையாகப் பொருந்துவது அதிகம் அறியப்படாத ஒருவருக்குத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அடிமையாக இருந்த ஒருவர் தப்பி ஓடி வடக்குப் படையில் சேர்ந்தார். அப்போது அவர் சூட்டிக்கொண்ட பெயர் டேவிட் ஃபிராங்க்ளின். அவர் மகன் பக் ஃபிராங்க்ளின் வக்கீலானார். 1921இல் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பர் குடியிருப்பை எரித்தபோது அவர் அலுவலகமும் சாம்பலானது. ஒரு கூடாரம் போட்டு, அதில் உட்கார்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்கு நடத்தினார்.

பக்கின் மகன் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் வரலாற்றுப் பேராசிரியர். 1947இல் அவர் எழுதிய கறுப்பின மக்களின் வரலாறு பல பதிப்புகள் கண்டது. 1995இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய நாள் இரவு, வாஷிங்டனில் தான் உறுப்பினராக இருந்த கிளப்பில் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவரை வேலைக்காரர் என்று நினைத்து டோக்கனை நீட்டி, தன் கோட்டை எடுத்துவரச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 80.

பெயரில் சுதந்திரம் இருந்தால் போதுமா? தாத்தா பெயரை மாற்றிக்கொண்டு ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆன பிறகும், நாளை சுதந்திரப் பதக்கம் வாங்கப்போகிற பேரனின் கையில் அந்த டோக்கன் வந்து நின்றது.