குரோனோ டிரிக்கர்

குரோனோ டிரிக்கர், ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1995 மார்ச் 11 அன்று சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக வெளியிட்ட, பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம். ‘ஃபைனல் ஃபேண்டஸி’யைத் தந்த ஹிரோனோபு சகாகுச்சி, ‘டிராகன் குவெஸ்ட்’டைத் தந்த யூஜி ஹோரி, ‘டிராகன் பால்’ ஓவியர் அகிரா தோரியாமா மூவரும் இதில் கைகோத்தனர். இசையில் பெரும்பகுதி யாசுனோரி மிட்சுதாவுடையது.

கதை: 1999இல் உலகை அழிக்கவிருக்கும் லாவோஸ் என்னும் உயிரியைத் தடுக்க, நாயகன் குரோனோவும் தோழர்களும் பல காலங்களுக்குப் பயணிக்கின்றனர். தொடக்கத்தில் வரும் திருவிழாவில் இன்னொருவரின் சாப்பாட்டைத் தின்றுவிட்டால், பிற்பாடு நீதிமன்றத்தில் அதுவே குரோனோவுக்கு எதிரான சாட்சியமாகிறது. ஆட்டத்துக்குப் பல முடிவுகள் உண்டு.

மொபைல் பதிப்பு: 2008இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் பதிப்பின் கூடுதல் பகுதிகளுடன் 2011இல் ஐபோனிலும் 2012இல் ஆண்ட்ராய்டிலும் வெளியானது. பொத்தான்களின் இடத்தைத் தொடுதிரை பிடித்தது. 2018 பிப்ரவரியில் ஸ்டீம் இணையக் கடையில் வந்த கணினிப் பதிப்பு இதை ஒட்டியே அமைந்தது. புள்ளிகளாலான பழைய படங்களை மழுங்கடித்தது, பொருந்தாத எழுத்துரு, விரல் தொடுவதற்கென வரைந்த பெரிய பொத்தான்கள் ஆகியவற்றை ரசிகர்கள் கடுமையாகச் சாடினர். அதே ஆண்டு ஏப்ரல் முதல் வெளியான திருத்தங்கள் மூலப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்தன. மெனு, போர்த்திரை ஆகியவற்றையும் கணினிக்கு ஏற்ப மாற்றின.