மன்னார்க் கரையோர மக்களின் மனைவாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

மன்னாரின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் முத்தையும் துறைமுகத்தையும் கோட்டையையும் பற்றியே எழுதினர். மாந்தையை நாடிவந்த மரக்கலங்கள், 1560இல் தீவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தர், 1795இல் வந்த ஆங்கிலேயர் என அவ்வரலாறு விரியும். அதே கரையில் நாள்தோறும் உலை வைத்த மக்கள் யாது உண்டனர், எதிற் பரிமாறினர், எதனை எறிந்தனர் என்னும் வினாக்கள் அதில் இடம்பெறுவதில்லை. இவை அற்ப வினாக்களென ஒதுக்கத்தக்கனவல்ல.

முதலில் மண் தரும் சான்றினை நோக்கலாம். மாந்தையில் 1980களின் முற்பகுதியில் நடைபெற்ற அகழ்வுகள் சீன, பாரசீக மட்கலத் துண்டுகளைத் தந்தன. 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தபோது, மண்ணிற் கலந்திருந்த கருகிய தானியங்களும் விதைகளும் பிரித்தெடுக்கப்பட்டன. 2018இல் வெளியான அவ்வாய்வின்படி, அங்கு நெல்லே மிகுதியாகக் காணப்பட்டது. அதனுடன் மிளகும், கீழைக்கடலின் மலுக்குத் தீவுகளிலே விளைந்த கிராம்பும், மேற்றிசையினின்று வந்த கோதுமையும் திராட்சை விதையும் கிடைத்தன. துறைமுகத்தார் உணவு பற்றி இவ்வளவு அறியமுடிவது வியப்புக்குரியதே. எனினும் ஒன்றை மறத்தலாகாது. கருகிய தானியம் நிற்கும். சீனக் கிண்ணத்தின் ஓடும் நிற்கும். ஓலைப் பெட்டியோ சில மழைக்காலங்களுள் மக்கிவிடும். எறிவதற்கு ஏதும் வைக்காத குடும்பம் அகழ்வாளனுக்கும் ஏதும் வைப்பதில்லை.

மன்னார்த் தீவு பெரும்பாலும் மணற்பாங்கானது. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்கள் பெருநிலப் பகுதியில் உள்ளன. தீவினருக்கு மாரி மழையும் கிணறுமே துணை. மழை பொய்த்த ஆண்டில் நெல்லும் பொய்க்கும், பனை பொய்ப்பதில்லை. பனையின் பயன்கள் 801 எனத் ‘தாலவிலாசம்’ என்னும் நூல் எண்ணுவதாகக் கூறுவர். புகழ்நூல்களின் கணக்கை அப்படியே கொள்ளவேண்டுவதில்லை. ஒரு பனம்பழம் செல்லும் வழியைப் பின்தொடர்தலே போதும். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் களியைப் பிசைந்து பாயிலே பரப்பி, காயக் காய மேலும் பூசி எடுப்பது பனாட்டு. எஞ்சிய விதை மாரிக்கு முன் மணற்பாத்தியில் அடுக்கப்படும். தை, மாசியளவில் பாத்தியைக் கிண்டினால் கிழங்கு கிடைக்கும். அதனைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். விதையைப் பிளந்தால் உள்ளே இருக்கும் பூரான் பிள்ளைகளுக்குரியது. கடைசியில் மிஞ்சும் ஊமல் அடுப்புக்குப் போகும்.

ஓலையின் கதையும் இத்தகையதே. பிட்டு அவிக்க நீற்றுப்பெட்டி, அரிசி புடைக்கச் சுளகு, சுமக்கக் கடகம், கூழ் குடிக்கப் பிளா. கருப்பநீர் புளியாதிருக்க முட்டியின் உட்புறத்திற் பூசும் சுண்ணாம்பைக் கடற்கரைச் சிப்பியிலிருந்து சுட்டெடுக்க முடிந்தது. பனையும் கடலும் அம்முட்டியிலே சந்தித்தன எனலாம்.

இவ்வுணவுகள் யாவும் மாறாத தொன்மையுடையன என்று கொள்வதும் தவறு. ஒடியற் கூழை எடுத்துக்கொள்வோம். மாவைப் பலமுறை நீரில் ஊறவிட்டு வடித்துக் கசப்பு நீக்கும் முறை பழையதாக இருக்கக்கூடும். ஆனால் அதில் மீனும் நண்டும் இறாலும் சேர்ந்து கொதிக்கையில் இடப்படும் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் கடல்வழி வந்தபின்னரே இங்கு சேர்ந்தவை. மரபுணவு எனப் போற்றப்படும் கூழின் காரம், கோட்டை கட்டிய அந்நியரின் காலத்துக்கு முற்பட்டதன்று.

இம்மனைவாழ்வுக்கு எதிர்நிலையில் நிற்பது முத்துக்குளிப்பு. 1905இல் மரிச்சுக்கட்டியில் எழுந்த தற்காலிக நகரிலே அப்பருவத்தில் எடுக்கப்பட்ட சிப்பிகள் சுமார் 8 கோடி. மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளருக்கு. ஏலத்தில் வாங்கியோர் சிப்பிகளை அழுகவிட்டு, புழுத்த ஊனைக் கழுவி முத்தைத் தேடினர். அந்நாற்றத்தை அக்காலக் குறிப்புகள் தவறாது கூறுகின்றன. மறு ஆண்டே பார்கள் இலண்டன் நிறுவனமொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளிற் சிப்பி அற்றுப்போக, தவணை முடியுமுன்பே நிறுவனமும் கலைந்தது. இவ்விரு வாழ்வுகளுள் ஆவணக் காப்பகங்களை நிரப்பியது எது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பண்டைய சிக்கனத்தை இன்று சுற்றாடல் அறமாகப் புகழ்வோர் உளர். அப்புகழ்ச்சியிற் பாதியே உண்மை. விதையையும் வீசாதிருந்ததற்கு வறுமையும் ஒரு காரணம். மரமேறியவரின் உழைப்புக்குச் சமூகம் உரிய மதிப்பளித்ததுமில்லை. ஒடியலை ஏழைகளின் உணவென ஏளனஞ் செய்தவர்கள் அயலவர் மட்டுமல்லர். ஆயினும் அவ்வறிவு பயனற்றதன்று. 2017 செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாள் இலங்கையிலே தடைசெய்யப்பட்டபோது, அதற்கு மாற்றாகக் கூடியவற்றை முடையும் கைத்திறன் இக்கரையில் ஏற்கெனவே இருந்தது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் நோக்கங்களும் இதனோடு தொடர்புடையன.

அக்கைத்திறன் அறுந்ததற்குப் போரே பெருங்காரணம். குண்டுவீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் இடையில் ஒடியலுக்கெனப் பாத்தியிட்டுக் காத்திருக்க இயலாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் குடும்பங்கள் வீட்டுப் பொருள்களையெல்லாம் கைவிட்டுச் சென்றன. அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். 2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டனர். ஏனையோர் அங்கேயே வேரூன்றினர். ஆகவே மன்னார் அடுக்களையின் வரலாற்றைத் தேடுவோர் பேசாலையிலும் வங்காலையிலும் முதியோரைக் கேட்பதோடு நில்லாது, புத்தளத்து வீடுகளுக்கும் செல்லவேண்டும். எழுதப்படாத இப்பகுதிக்கு இப்போதுள்ள ஆவணம் அவர்களின் நினைவு ஒன்றே. அதனை நேரிற் சுமப்பவர்கள் எழுபதைக் கடந்துவிட்டனர்.