கொப்புள நோயும் கொழுந்தின் தற்காப்பும்

தென்மேல் பருவமழைக் காலத்தில் இலங்கையின் லிந்துலைத் தேயிலை மலைகளில் கொழுந்தெடுப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது இளம் இலையின் மேற்பரப்பில் விழும் சிறு பள்ளம். இலையைத் திருப்பினால் அதே இடம் அடிப்பக்கமாகப் புடைத்து, வெள்ளை வெல்வெட் பூசியதுபோல் இருக்கும். அந்த வெண்மை முழுதும் எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்னும் பங்கசின் வித்திகள். 1868இல் அசாமில் அறியப்பட்ட இக்கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. அன்றிலிருந்து அதற்கெதிரான முதன்மை மருந்து செப்புதான். செப்பு இலையின் மேல் தங்கி வித்தி முளைப்பதைத் தடுக்கிறது, மழையில் கழுவுண்டு மண்ணில் சேர்கிறது, சேர்ந்தது சிதைவதில்லை.

மாற்று வழி தேடுவோர் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா, பசிலஸ், சூடோமோனாஸ் போன்ற எதிர் நுண்ணுயிரிகளை நாடுகின்றனர். வேரழுகல் நோய்களுக்கு அது பொருந்தும். கொப்புள நோய்க்கு அதே அளவுகோல் போதாது என்பதே என் வாதம். இப்பங்கசு உயிருள்ள இலைக்குள் மட்டுமே தன் வாழ்க்கையை நடத்துவது. ஆய்வுகூடத் தட்டில் அதை வளர்த்து இன்னொரு நுண்ணுயிரியோடு மோதவிட்டுப் பார்ப்பது அரிது. ஆகவே கேட்க வேண்டியது, எந்த நுண்ணுயிரி பங்கசைக் கொல்லும் என்பதன்று. எது இலையின் சொந்தத் தற்காப்பை எழுப்பும் என்பதே.

இலையிடம் அந்தத் தற்காப்பு உண்டு. 1925இல் தொடங்கப்பட்டு, லிந்துலைக்கு அருகே தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் இனங்களை வைத்து நிமல் புண்யசிறியும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய உயிரிரசாயன ஆய்வு இதற்கு வலுவான சான்று. நோயைத் தாங்கும் இனங்களில் எபிகேட்டெக்கின் அதிகமாக இருந்ததை அவர்கள் கண்டனர். கோப்பையில் நிறமும் துவர்ப்பும் தரும் கேட்டெக்கின் குடும்பமே செடிக்குக் கவசமும் ஆகிறது. அப்படியானால் தற்காப்பைத் தூண்டும் எந்த முயற்சியும் தேநீரின் தரத்தையும் தொடும். இவ்விரண்டையும் சேர்த்து அளக்காத ஆய்வு அரைகுறையானது.

நோய் தாங்கும் இனத்தை நட்டால் போதாதா? வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் நல்ல வி.பி. இனங்கள் உள்ளன. ஆனால் ஒரு தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் நிற்கிறது. மறுநடுகை மெதுவாகவே நடக்கிறது. இன்று மலையில் நிற்கும் செடியையே காக்க வேண்டியிருக்கிறது. 2021 மேயில் இலங்கையில் இரசாயன உரங்களோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்ந்தது. மாற்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மருந்தைப் பறித்தால் என்னாகும் என்பதை அந்த மாதங்கள் காட்டின. கொழுந்து குறைந்தால் அதன் சுமை நிறையைக் காட்டி நாட்கூலிக்குப் பேர் வாங்கும் தொழிலாளர் மீதே விழுகிறது. முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து மருந்தடிப்பவரும் அவர்களில் ஒருவரே.

பங்கசின் ஒரு சுற்று முடிய குறைந்தது பதினொரு நாளாவது வேண்டும். ஏழு நாளைக்கொரு முறை கொழுந்து பறித்தால் பல கொப்புளங்கள் வித்தி சிந்துமுன்பே கூடைக்குப் போய்விடும். கவ்வாத்து செய்து தளிர்விடும் மலையில் கொழுந்து பறிப்பதில்லை என்பதால் அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நோய் கடுமையாகத் தாக்குவதும் அங்கேதான். தற்காப்பைத் தூண்டும் பற்றீரியாக்களையும் கைற்றோசான் போன்ற இயற்கைச் சேர்மங்களையும் செப்போடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டிய களம் அதுவே. ஜூன் முதல் செப்டெம்பர் வரை, மூடுபனி விலகாத லிந்துலை மலைகளில் அந்தச் சோதனையை நடத்துங்கள். முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டத்து மக்களுக்குச் சொல்லுங்கள்.